ஊர்வன வளர்ப்பில் யார் பேச்சை நம்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் வண்ண மீன், செல்லப்பிராணித் தீவனக் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ்க்காரர்கள். பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருவார்கள். பாம்புக்கு உறையவைத்த எலியோ, புறஊதாக் கதிர் தரும் யுவிபி டியூபோ வாங்கிவிட்டு, காசு கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பிப்பார்கள்: "அண்ணா, ஒருத்தர் இப்படிச் சொல்றார். நம்பலாமா?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எத்தனை வருஷம் வளர்த்தா ஒருத்தரை அனுபவசாலின்னு சொல்லலாம்?

வருஷக் கணக்கைக் கேட்டால் எல்லாரும் பத்து வருஷம் என்பார்கள். நான் கேட்பது இதைத்தான்: "ஒரே உருப்படி உங்களிடம் அதிகபட்சம் எத்தனை வருஷம் இருந்தது?" நன்றாக வைத்துக்கொண்டால் பால் பைத்தான் 20, 30 வருஷம் வாழும். (இது ஆப்பிரிக்கப் பாம்பு. 'பால்' என்றால் பந்து. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். குடிக்கிற பால் என்று நினைத்துத் தட்டில் ஊற்றி வைத்தவரும் உண்டு. எந்தப் பாம்புக்கும் பால் உணவில்லை.) பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி 15 வருஷத்தைத் தாண்டும். பியர்டட் டிராகன், அதுவும் பல்லிதான், 8 முதல் 12 வருஷம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச்சாலையில் 2020-ல் முட்டையிட்ட பால் பைத்தானுக்கு வயது 62-க்கு மேல்.

இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். பத்து வருஷமாக வளர்க்கிறார், ஆனால் எந்த உருப்படியும் அவரிடம் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை என்றால், குஞ்சு வளர்ப்பில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். வளர்ந்த விலங்கைப் பற்றி அவருக்கும் கேள்விஞானம்தான்.

அவர்கிட்ட நாப்பது உருப்படி இருக்கு. அப்ப விஷயம் தெரிஞ்சவர்தானே?

நாற்பது உருப்படி இருந்தால் அவரிடம் காசும் இடமும் இருக்கிறது, அவ்வளவுதான் உறுதி. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்வரிசைப் பெட்டிகள் கண்ணாடி மாதிரி இருந்தன. வீட்டுக்காரர் மார்ஃப் (பாம்பின் நிற, கோல வகை), ஜீன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் டீ எடுத்துவர உள்ளே போன நேரத்தில் பின்வரிசையைப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் விரலை வைத்தால் வழவழ என்றது. ஒரு பாம்பின் வால் நுனியில் பழைய சட்டை மூன்று வளையமாக இறுகிக் கிடந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 32 என்று பச்சை எழுத்து மின்னியது. அதன் சென்சார் ஒயரோ பெட்டிக்கு வெளியே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த 32 அறையின் சூடு. பெட்டிக்குள் என்ன சூடு என்பது அவருக்கே தெரியாது.

அதனால் எண்ணிக்கையை விடுங்கள். கடைசிப் பெட்டி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு ஆளை எடைபோட முதல்ல என்ன கேட்கலாம்?

நான் மூன்று கேட்பேன். யுவிபி டியூபை எப்போது மாற்றினீர்கள்? புதிதாக வந்ததை மற்றவற்றோடு சேர்க்காமல் எத்தனை நாள் தனியாக வைப்பீர்கள்? சூடான பக்கம் எத்தனை டிகிரி, அதை எதை வைத்து அளந்தீர்கள்?

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். யுவிபி டியூப் எரிந்துகொண்டே இருக்கும், கண்ணுக்கு வெளிச்சமும் குறையாது. ஆனால் அதிலிருந்து வரும் புறஊதாக் கதிர் வகையைப் பொறுத்து 6 மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் தேய்ந்துவிடும். "இன்னும் நல்லாத்தான எரியுது" என்று ஒருவர் சொன்னால் அவருடைய டிராகனின் தாடை எலும்பு மெத்தென்று ஆகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். "ஜன்னல் வெயில் படுது, போதும்" என்றாலும் அதே கதைதான். ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். தனிமை நாள் விஷயத்தில் 30 என்றாலும் 90 என்றாலும் சண்டைக்குப் போக மாட்டேன். "தனியாவா, எதுக்கு?" என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வேன்.

பதிலில் எண் சரியாக இருக்கிறதா என்பதைவிட அது எப்படி வருகிறது என்பதைக் கவனிப்பேன். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்" ஒரு வகை. "போன மாசம் 36 வரைக்கும் போயிருச்சு, ஹீட் மேட்டைக் கழட்டிட்டேன்" இன்னொரு வகை. இரண்டாமவர் தப்பு நடந்ததை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் பார்த்திருக்கிறார்.

நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவங்கதான் உண்மையான ஆளுங்களா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் நோட்டே வேண்டும் என்பதில்லை. நாட்டுக்கல் பக்கம் ஆட்டோ ஓட்டும் ஒருவர் வீட்டில் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் மனைவி பால் கணக்கு எழுதியிருப்பார். அதே கட்டத்தின் மூலையில் இவர் சின்னதாக 'எலி', 'எலி வேண்டாம்', 'சட்டை' என்று எழுதியிருப்பார். மாதத்தில் முதல் ஞாயிறு எடை. பழைய காலண்டர்களைச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கிறார், ஆறு வருஷத்துக்கு உண்டு. அவருடைய பைத்தான் ஒரு தடவை நாலு மாதம் சாப்பிடவில்லை. எடை குறைந்தது வெறும் நாற்பது கிராம் என்று காலண்டர் சொன்னதால் அவர் பதறவில்லை. பால் பைத்தான் இப்படி மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம். எடை தெரியாதவர்தான் வாயைத் திறந்து இரையைத் திணிப்பார்.

அவரிடம் இருப்பது ஒரே ஒரு பாம்பு. அந்தப் பாம்பைப் பற்றி ஊரில் யாரைவிடவும் அவர் சொல்வதை நான் நம்புவேன்.

எங்க மாமா வயக்காட்டுல நாகத்தையே பிடிப்பாருங்க. பால் பைத்தானுக்கு அவர்கிட்ட யோசனை கேட்கலாங்களா?

பிடிப்பது ஒரு வித்தை, வளர்ப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாம்பு எந்த வளையில் இருக்கும், எப்போது வெளியே வரும் என்று மாமாவுக்குத் தெரிவது பெரிய விஷயம். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் பள்ளிப் படிப்பை நம்பி வந்தவர்கள் அல்ல. 2017-ல் புளோரிடாவுக்குக் கூப்பிட்டுப் போனார்கள். அங்கே பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளில் முதல் எட்டு நாளில் 13-ஐப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ வந்தது. தடம் பார்ப்பதிலும் பிடிப்பதிலும் அவர்கள் சொல்லே முடிவு. ஆனால் ஆப்பிரிக்கப் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் எத்தனை டிகிரியில் வைப்பது என்பது வேறு பாடம். அதை அந்தப் பாம்பை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மாமா வீடு எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? 2020-ல் கொல்லம் மாவட்டம் அஞ்சல் என்ற ஊரில் நடந்த உத்ரா கொலை உங்களுக்கு நினைவிருக்கும். கணவன், பாம்பு பிடிப்பவர் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய நாகத்தை வைத்து மனைவியைக் கொன்றான். 2021 அக்டோபரில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். கொலை நடந்த 2020-லேயே கேரள வனத்துறை, பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர்தான் பாம்பு பிடிக்கலாம் என்று முறைப்படுத்தியது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க 'சர்ப்பா' என்ற செயலியும் வந்தது. சான்று இல்லாமல் கேரளப் பக்கம் பிடித்தால், கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் மாமாவுக்குத் தொல்லைதான்.

அவர் கையில நாலஞ்சு கடித் தழும்பு இருக்கு. அது அனுபவம்தானே?

தச்சரின் கையில் நாலு விரல் இல்லை என்றால் அவரிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்புவீர்களா?

கேரளம் முழுக்கத் தெரிந்த பாம்பு பிடிப்பவர் வாவா சுரேஷ். 2022 ஜனவரி 31 அன்று கோட்டயம் குறிச்சியில் நாகத்தைச் சாக்கில் போடும்போது தொடையில் கடி வாங்கினார். பிழைத்தது கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிகிச்சையால். ஆயிரக்கணக்கில் பாம்பு பிடித்தவருக்கே ஒரு கணம் போதுமாக இருந்தது. வனத்துறைப் பயிற்சியில் கொக்கி, குழாய், பை என்று சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்: பாம்பு தானாகக் குழாய் வழியாகப் பைக்குள் போகும், கைக்கு வேலை இல்லை. வெறும் கையால் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறவர் தைரியசாலி. அவரிடம் நான் கேட்க விரும்பும் யோசனை எதுவும் இல்லை.

ஃபோட்டோ அனுப்பின உடனே 'விஷமில்லை'ன்னு சொல்றவர் கெட்டிக்காரர்தானே?

நம் எல்லைப் பக்கத்தில் பெயர்க் குழப்பம் வேறு பெரிய தலைவலி. பொள்ளாச்சிக்காரர் கட்டுவிரியன் என்பார். கொல்லங்கோட்டுக்காரர் அதையே வெள்ளிக்கெட்டன் என்பார். கண்ணாடி விரியன் அவர்களுக்கு அணலி. நல்ல பாம்பு, மூர்க்கன். வெறுமனே "விரியன்" என்று சொன்னால் எது என்று இரண்டு பக்கமும் தெரியாது. பெயரைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்கிறவரை அங்கேயே தள்ளி வையுங்கள்.

விஷமில்லாத ஓநாய்ப் பாம்பையும் கட்டுவிரியனையும் பாருங்கள். இரண்டிலும் கறுப்பு அல்லது பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் பட்டை இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், அப்புறம் வால் வரை இரட்டை இரட்டையாக ஓடும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தருகிலேயே தடித்த பட்டையாக ஆரம்பித்து வால் பக்கம் தேய்ந்துபோகும். கட்டுவிரியனின் முதுகு நடுவில் அறுகோணச் செதில் வரிசை உண்டு. விஷயம் தெரிந்தவர் "முதுகு தெரியற மாதிரி இன்னொரு படம் அனுப்புங்க, அதுவரைக்கும் கிட்டப் போகாதீங்க" என்பார். பத்து நிமிஷம் தாமதமாகப் பதில் வந்தாலும் அவர்தான் உங்கள் ஆள். கடித்த பிறகு படம் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். விஷமுறி மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அமெரிக்காக்காரன் வீடியோவுல சொன்னதை அச்சுப் பிசகாம செய்றேன். அப்புறமும் ஏன் சரிப்பட மாட்டேங்குது?

அவர் சொன்னது அவர் ஊருக்குச் சரி. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி இது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதன் வழியாகத்தான் அடிக்கும். உதடு வெடிக்கும், பாம்புக்குச் சட்டை துண்டு துண்டாக உரியும். அடுத்து கோடை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டி வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கமே 31, 32 டிகிரி போதும், குளிர்ந்த பக்கம் 26 வாக்கில் இருக்க வேண்டும். மினசோட்டாவில் பனி பெய்யும்போது ஹீட்டர் இரண்டு வேண்டும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, சித்திரை மாதம் கொழிஞ்சாம்பாறையில் கான்கிரீட் மொட்டை மாடிக்குக் கீழே இரண்டு ஹீட்டர் போட்டால் பாம்பு வெந்துபோகும். அப்படி வெந்த ஒன்றைக் கடைக்கே துணியில் சுற்றிக் கொண்டுவந்தான் ஒரு கல்லூரிப் பையன். அழுதான்.

விலங்கைப் பற்றி உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கற்கலாம். எத்தனை டிகிரி வேண்டும் என்பதை அமெரிக்கர் சொல்லட்டும். அந்த டிகிரியை இங்கே ஏப்ரலில் எப்படிக் கொண்டுவருவது என்பதை, இங்கே இரண்டு ஏப்ரல் தாண்டியவரிடம் கேளுங்கள். ஈரச்சாக்கு, பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது, கரண்டு போனால் என்ன செய்வது எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முப்பது வருஷ ஆள் ஒன்னு சொல்றார், நேத்து வந்த பையன் வேற சொல்றான். பெரியவர் சொல்றதைத்தானே கேட்கணும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2013-ல் ஒரு பச்சை இகுவானா வாங்கினேன். அப்போதெல்லாம் பேப்பர், அதாவது பதிவு ஆவணம், என்ற பேச்சே எங்கள் வட்டத்தில் கிடையாது. நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர், "வெறும் தழை போட்டா வளராதுடா, அவிச்ச முட்டையும் நாய்த் தீவனமும் கொடு" என்றார். கொடுத்தேன். நன்றாகத்தான் வளர்ந்தது, பார்த்தவர்கள் எல்லாம் அசந்தார்கள். இருபது வயதுகூட ஆகாத பொள்ளாச்சிப் பையன் ஒருவன் கடையில் நின்றபடி, "அண்ணா, இது தழை மட்டும் தின்கிற ஜாதி. இறைச்சிப் புரதம் போனா கிட்னி போயிரும்" என்றான். சிரித்து அனுப்பிவிட்டேன்.

ஐந்தாவது வருஷம் தண்ணீர் நிறையக் குடிக்க ஆரம்பித்தது. பின்னங்கால் வீங்கியது. செம்பருத்திப் பூவை மூக்குக்கு நேரே நீட்டினால் நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செத்த பிறகு திருச்சூரில் அறுத்துப் பார்த்ததில் இரண்டு சிறுநீரகமும் பெருத்து வெளுத்திருந்தன. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "என்கிட்ட ஒன்னுக்கும் அப்படி ஆனதில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் வாங்கிய இகுவானா எல்லாமே இரண்டு, மூன்று வயதில் கைமாறிப் போயிருந்தது. கிட்னி கெடுகிற வயதை அவர் வீட்டில் எதுவும் எட்டியதே இல்லை. முதல் கேள்விக்கு நான் கொடுத்த பதில் இங்கிருந்து வந்ததுதான்.

பையன் சொன்னது சரியாக இருந்ததால் சின்னவர்கள்தான் சரி என்றும் ஆகிவிடாது. அவனிடம் "எப்படித் தெரியும்" என்று நான் கேட்டிருந்தால் அவன் காரணம் சொல்லியிருப்பான். அண்ணனிடம் கேட்டிருந்தால் "நான் சொல்றேன்ல" என்றிருப்பார். கேட்காமல் விட்டது என் தப்பு.

செத்துப்போனதை எல்லாம் வெளியில சொல்றவரை எப்படிங்க நம்புறது?

அவரைத்தான் நம்பலாம். பத்து வருஷம் வளர்த்து ஒன்றுகூடச் சாகவில்லை என்பவரிடம், மேலே சொன்ன மாதிரி, எல்லாம் எங்கே போயின என்று கேளுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் பாருங்கள்: "அதுக்கு விதி முடிஞ்சுது" என்கிறாரா, "ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் போடாம விட்டுட்டேன்" என்கிறாரா.

பக்கத்துல இருக்கிற டாக்டருக்கு மாடும் ஆடும்தான் தெரியும். அப்ப வளர்க்கிறவங்க சொல்ற மருந்தைக் கொடுக்கலாமா?

கூடாது. ஒரே ஒரு உதாரணம் போதும். ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து மாட்டுக்கு, ஆட்டுக்கு, நாய்க்குப் போடுவது; எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். பாம்புச் செள்ளுக்குக்கூட அளவு பார்த்து டாக்டர்கள் கொடுப்பதுண்டு. ஆமைக்குப் போட்டால் ஆமை செத்துவிடும். "நான் என் பாம்புக்குப் போட்டேன், ஜம்முன்னு ஆச்சு" என்று ஆமைக்காரருக்கு நல்லெண்ணத்தில் யோசனை சொன்ன ஆளை எனக்குத் தெரியும். பாம்பு அனுபவம் உண்மைதான். அதை ஆமைக்கு நீட்டியதுதான் கோளாறு.

மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். பக்கத்து டாக்டருக்குப் பழக்கமில்லை என்றால் அங்கே விசாரித்துச் சொல்லும்படி அவரையே கேட்கலாம். "எனக்கு இது பழக்கமில்லை, கேட்டுச் சொல்றேன்" என்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள். வளர்ப்பவர் செய்ய வேண்டியது டாக்டர் கேட்பதற்குத் தயாராக இருப்பது: எடை, கடைசியாகச் சாப்பிட்ட நாள், சூடு. காலண்டர்க்காரருக்கு இது எளிது.

விற்கிறவர் சொல்றதை எவ்வளவு நம்பலாம்?

விற்கும்வரைக்கும் அவர் வியாபாரி. விற்ற பிறகு ஃபோன் எடுக்கிறாரா என்பதில்தான் அவருடைய அனுபவம் தெரியும். வாங்குவதற்கு முன்னால் சோதிக்க இரண்டு வழி உண்டு.

சிவப்புக்காது ஆமைக் குஞ்சைக் காட்டி "இது இவ்வளவுதான் வளரும்" என்றால் நடையைக் கட்டுங்கள். ரூபாய் நாணயம் அளவுக்கு இருப்பது 25 சென்டிமீட்டர் வரை போகும், 30 வருஷம் இருக்கும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் குளத்திலும் வாய்க்காலிலும் விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு ஆமைகளுக்கு அது கேடு என்பதால் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இவற்றைப் பொதுமக்களிடமிருந்து வாங்கிச் சேகரித்து வைத்தது. குழந்தைகள் கையைக் கழுவ வேண்டும் என்று சொல்கிறாரா என்றும் பாருங்கள். சால்மொனெல்லா கிருமி பரவுவதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள்.

இரண்டாவது, பால் பைத்தானில் 'ஸ்பைடர்' மார்ஃப். அந்த ஜீன் இருந்தால் தலையாட்டமும் கூடவே இருக்கும், சிலதில் லேசாக, சிலதில் இரையைக் குறிபார்க்க முடியாத அளவுக்கு. "எங்க லைன்ல அதெல்லாம் வராது" என்பவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே சொல்பவர். "இருக்கும், யோசிச்சு வாங்குங்க" என்பவரிடம் வேறு எதையாவது வாங்கலாம்.

பேப்பர் இருக்குன்னு சொல்றார். எந்தப் பேப்பர்?

இதையே அவரிடம் கேளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஐ 2022-ல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகள் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்தன. பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அதில் சேர்த்தி. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி வைத்திருப்பதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தால், செத்தால், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

சிலர் காட்டுவது 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த தன்விருப்ப அறிவிப்பின் பழைய ரசீது. இன்னும் சிலர் காட்டுவது வேறொரு பாம்பின் பேப்பர். விலங்கும் பேப்பரும் ஒன்றுதானா, உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்ற பதில் வந்தால், சூடு பற்றியும் தீனி பற்றியும் அவர் சொன்னதைக்கூட ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன்.

ஒருத்தர் நட்சத்திர ஆமையை இருபது வருஷமா அருமையா வச்சிருக்கார். உங்க கணக்குப்படி அவர் பெரிய அனுபவசாலிதானே?

வசமாக மடக்கிவிட்டீர்கள். என் முதல் பதிலின்படி ஆமாம். ஆனால் நட்சத்திர ஆமை நம் நாட்டு விலங்கு, வீட்டில் வைப்பதே குற்றம். 2019-ல் சைட்டிஸ் முதல் பட்டியலுக்கும் ஏற்றிவிட்டார்கள். உடுமலையிலிருந்து மறையூர் போகும் வழியில் சின்னார்க் காட்டில் இது இயல்பாகவே வாழ்கிறது. அதிர்ஷ்டம் வரும் என்று பிடித்துப் பெட்டியில் போடுகிறவர்களால்தான் அது குறைகிறது. அவருக்குத் தீனி விஷயம் தெரிந்திருக்கலாம். அதைக் கற்றுக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? வளர்க்கவே கூடாத விலங்கு அது.

மண்ணுளிப் பாம்பை எடை போட்டு லட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்களும் இதே வரிசை. அவர்களுடைய அனுபவம் ஏமாற்றுவதில்.

ரெண்டு பேருமே நல்ல ஆளுங்க, உங்க கேள்வி எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்றாங்க. ஆனா நேர்மாறா சொல்றாங்களே?

இருவர் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். எங்கள் ஊரிலேயே ஒருவர் தினமும் பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்கச் சொல்வார், இன்னொருவர் தெளித்தால் சளி பிடிக்கும் என்பார். முதலாமவர் கான்கிரீட் வீடு, மேல்மாடி, கம்பிவலை மூடி போட்ட பெட்டி. ஈரம் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடும். இரண்டாமவர் ஓட்டு வீடு, மண்சுவர், மூடிய பிளாஸ்டிக் பெட்டி. தெளித்தால் மூன்று நாளைக்குச் சொதசொதவென்று கிடக்கும். இருவரும் சண்டை போட்டு ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவர் பாம்பும் நன்றாக இருக்கின்றன.

நான் ரெண்டு வருஷமா ஒரு டிராகன் வளர்க்கிறேன். மத்தவங்களுக்கு யோசனை சொல்லலாமா?

தாராளமாக. "எனக்கு ஒரு டிராகன், ரெண்டு வருஷம், மாடி ரூம்" என்று முதலில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கேட்கிறவர் மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வார். டிராகனைப் பற்றிக் கேட்டவர் பேச்சோடு பேச்சாக ஆமையைப் பற்றிக் கேட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் கதை மறக்க வேண்டாம்.

சரிங்கண்ணா, எல்லாரையும் சோதிக்கச் சொல்றீங்க. உங்களை எதுக்கு நம்பணும்?

இதைக் கேட்டது வேலந்தாவளத்துப் பெண், ப்ளஸ் டூ படிக்கிறாள். நான் டியூப் விற்கிறேன், அதனால் டியூபை மாற்றுங்கள் என்று நான் சொல்வதைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். புறஊதாவை அளக்கும் மீட்டர் ஒன்று கடையில் இருக்கிறது, டியூபைக் கொண்டுவந்தால் காசில்லாமல் பார்த்துத் தருகிறேன். என்னிடம் இப்போது இருப்பது பதிவு செய்த ஒரு பால் பைத்தான், ஒன்பதாவது வருஷம் நடக்கிறது. யாரோ கடை வாசலில் வாளியோடு விட்டுப்போன சிவப்புக்காது ஆமை ஒன்று, ஏழு வருஷம். இகுவானா பற்றி 2018-க்குப் பிறகு எனக்கு நேரடி அனுபவம் இல்லை. பல்லி வகையில் சின்னதுகள் எதுவும் தெரியாது.

அவள் பைத்தான் பெட்டியைப் பார்க்கணும் என்றாள், காட்டினேன். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தெர்மோஸ்டாட் ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து தேடினாள்.